நீச்சல் குள மூடியின் ஆங்கர் அசையவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

நியூ ஜெர்சியில் குளிர் தொடங்கும் முன் வீட்டு நீச்சல் குளத்துக்குப் பாதுகாப்பு மூடி போட்டுவிடுவோம். மூடியின் ஒவ்வொரு பட்டையின் முனையிலும் ஒரு ஸ்பிரிங் இருக்கும். குளத்தைச் சுற்றித் தளத்தில் பதித்திருக்கும் பித்தளை ஆங்கரில் அதை மாட்ட வேண்டும். கோடை முழுக்க ஆங்கரின் திருகு தளத்தோடு சமமாக இறங்கிக் கிடக்கும். மூடி போடும் நாளில் அறுகோண முனையுள்ள ஆலன் கீயை விட்டு இடப்பக்கம் திருப்பினால் மேலே எழும்ப வேண்டும். எங்கள் குளத்தில் 22 ஆங்கர்கள். வீடு வாங்கிய முதல் அக்டோபரில் அதில் 7 அசையவே இல்லை. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பலம் போட்டுத் திருப்பி, மூன்றின் தலையைக் கெடுத்தேன். அந்த மூன்றையும் மாற்றத்தான் பணம் செலவானது. மற்ற நான்கும் மறுநாள் வெறும் தண்ணீருக்கே வழிவிட்டன.

அதற்குப் பிறகு எங்கள் குளத்திலும் அக்கம்பக்கத்து வீடுகளிலுமாக ஆறு பருவம் இந்த வேலையைச் செய்துவிட்டேன். மாட்டிக்கொள்ளும் ஆங்கரில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் துரு இல்லை, மணல். மணலைக் கழுவாமல் கீயை அழுத்தித் திருப்பும்போதுதான் ஆங்கர் பாழாகிறது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் தண்ணீர், அப்புறம் எண்ணெய், கடைசியில்தான் கை பலம்.

ஒரு ஆங்கர் போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் பாதுகாப்பு மூடிகளுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1346 என்ற தரவிதி இருக்கிறது. எட்டு அடிக்கு மேல் அகலமான குளத்தின் மூடி 485 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும் என்கிறது அது. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் சேர்ந்த எடை என்பது கணக்கு. எல்லா ஆங்கரும் பிடித்திருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஒரு பட்டை தொங்கினால் அந்த இடத்தில் ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு மூடி தூக்கிக்கொடுக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

சரியான அளவு ஆலன் கீ. பெரும்பாலான ஆங்கருக்குக் கால் அங்குலம், ஆனால் மூடியோடு வந்த கீ கிடைத்தால் அதையே எடுங்கள். 6 மில்லிமீட்டர் கீயும் உள்ளே போகும், கொஞ்சம் லூஸாக உட்காரும். தலை வழுக்கிப்போவதற்கு அந்த லூஸே போதும். நீளமான பிடி உள்ள டி வடிவக் கீயாக இருந்தால் நல்லது. இதோடு தோட்டத்துக் குழாய், பழைய பல் துலக்கி, மெல்லிய ஆணி அல்லது கூர்மையான கொக்கி, ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம், மெல்லிய குழல் வைத்த ஊடுருவும் எண்ணெய், சின்னச் சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியை மறக்காதீர்கள். துளைக்குள் காற்றோ தண்ணீரோ அடித்தால் மணல் நேராக முகத்துக்குத்தான் வரும்.

எண்ணெயில் ஒரு விஷயம். டபிள்யூடி-40 போட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் பலர். இறுகிய மரையைத் தளர்த்துவதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எதைப் போட்டாலும் இரண்டு சொட்டு போதும். கான்கிரீட்டில் வழிந்தால் கறை போகாது, மூடியின் துணியிலும் படக்கூடாது.

அறிகுறி 1: ஆலன் கீ உள்ளேயே போகவில்லை

தலையின் அறுகோணக் குழியில் மண் கெட்டியாகியிருக்கிறது. ஆணியால் குத்திக் கிளறி வாக்குவத்தில் உறிஞ்சுங்கள், தண்ணீர் அடித்து மறுபடி உறிஞ்சுங்கள். கீ முழு ஆழத்துக்கு இறங்கும் வரை திருப்பாதீர்கள். பாதி ஆழத்தில் உட்கார்ந்த கீதான் விளிம்பைத் தின்னும். நன்றாக இருக்கும் ஆங்கர் ஒன்றில் கீயை விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று கீயிலேயே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றிலும் அந்தக் கோடு வரை இறங்க வேண்டும்.

குழியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் ஆணி வேலைக்கு ஆகாது. வெள்ளை வினிகர் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் வையுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புதான். பிறகு துலக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரவு முழுக்க ஊற விட வேண்டாம், வினிகர் கான்கிரீட்டையும் அரிக்கும், பித்தளையையும் தின்னும். குளத்துக்கென்று வீட்டில் வைத்திருக்கும் மியூரியாட்டிக் அமிலத்தை இதில் ஊற்றவே கூடாது.

அறிகுறி 2: கீ சரியாக உட்கார்கிறது, திருகு அசையவில்லை

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

*திசை தவறியிருக்கலாம்.* மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் எழும். குனிந்து, குளத்தைப் பார்த்தபடி, இருட்டில் செய்யும்போது இந்தத் தவறு யாருக்கும் வரும். தவறான திசையில் பலம் போட்டால் திருகு கூட்டின் (தளத்தில் பதிந்திருக்கும் ஆங்கரின் வெளிக்குழல்) அடியில் போய் இன்னும் இறுகும்.

*மணல் நிரம்பியிருக்கலாம்.* தளக் கற்களின் இடுக்கில் நிரப்பும் மணல், காற்றில் வரும் தூசு, மே மாதத்தில் ஓக் மரம் கொட்டும் மகரந்தச் சரம், எல்லாம் திருகுக்கும் கூட்டுக்கும் நடுவில் இறங்கிவிடும். கீயைத் தொடாமல் முதலில் குழாயின் முனையை ஒடுக்கி, திருகைச் சுற்றியுள்ள வட்ட இடுக்கில் ஒரு நிமிடம் நேராக அடியுங்கள். வாக்குவத்தில் உறிஞ்சுங்கள். இப்படி மூன்று தடவை. அப்புறம் கீயை விட்டு, முதலில் வலப்பக்கம் நூலளவு இறக்கிப் பாருங்கள், பிறகு இடப்பக்கம். முன்னும் பின்னுமாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக. எட்டில் ஒரு பங்கு சுற்று கிடைத்தாலே ஆங்கர் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி தண்ணீர், மறுபடி முன்னும் பின்னும். தண்ணீர் சேறாக வெளியே வரும். தெளிவாக வரும்வரை விடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போனால் மணல் மரைக்குள் ஆப்பு மாதிரி அடைந்துகொள்ளும். முன்னும் பின்னும் போனால்தான் அது உதிர்ந்து வெளியே வர வழி கிடைக்கும்.

*போன வருடம் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம்.* கோடையில் காலில் தட்டாமல் இருக்கத் திருகை அடிவரை இறுக்கிவிடுவார்கள். தண்ணீர் அடித்தும் அசையவில்லை, இடுக்கில் மணலும் இல்லை என்றால் இதுவாக இருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். கீயைக் குழியில் நேராக நிறுத்தி, அதன் தலையில் சுத்தியலால் நான்கைந்து தட்டு தட்டுங்கள். ஆணி அடிக்கிற மாதிரி இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி. அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு கீயை விட்டு மெதுவாக அழுத்தம் ஏற்றுங்கள்.

*களிம்பு பிடித்திருக்கலாம்.* பச்சையாகவோ நீலமாகவோ படிவு தெரிந்தால் களிம்பு. கெட்டிலில் கொதித்த தண்ணீரை அந்த ஓர் ஆங்கர் மீது மட்டும் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உறிஞ்சிவிட்டு எண்ணெய் விடுங்கள். மாலையில் விட்டு மறுநாள் காலை திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். பிடிவாதமான ஆங்கருக்கு இரண்டு இரவு கொடுப்பேன். குளத்தை மூடும் தேதியை ஒரு வாரம் முன்னாலேயே வைத்துக்கொண்டால் இந்த அவகாசம் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை இரண்டு. கேஸ் டார்ச் காட்டாதீர்கள். ஈரம் இருக்கும் கான்கிரீட் சூட்டில் சில்லு சில்லாகத் தெறிக்கும், பித்தளை இளகும், விட்ட எண்ணெய் தீப்பிடிக்கும். இம்பாக்ட் டிரைவரும் வேண்டாம். பித்தளை மென்மையான உலோகம், அந்த அடியில் திருகு வருவதற்கு முன் அறுகோணம் வட்டமாகிவிடும்.

கீ வளைகிறது, அல்லது விளிம்பு நழுவுகிற மாதிரி கைக்குத் தெரிகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு இரவு எண்ணெயில் ஊற விடுவதற்குச் செலவில்லை.

அறிகுறி 3: கீ சுற்றுகிறது, திருகு சுற்றவில்லை

அறுகோணம் தேய்ந்துவிட்டது. மேலே சொன்ன தண்ணீர், எண்ணெய் எல்லாம் இதற்கும் முதலில் செய்யுங்கள். இறுக்கம் குறைந்திருந்தால் தேய்ந்த தலைகூடச் சில சமயம் பிடிகொடுக்கும். அப்புறம்:

முதலில் புதுக் கீ. பழைய கீயின் முனையும் தேய்ந்திருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. தேய்ந்த முனையை அரை அங்குலம் வெட்டி எறிந்துவிட்டாலே புதுக் கீதான்.

அடுத்து, குழியைவிடக் கொஞ்சமே பெரிய நட்சத்திர முனை பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். அதன் பற்கள் பித்தளையில் புதிதாகத் தடம் வெட்டிப் பிடிக்கும். என் அனுபவத்தில் தேய்ந்த தலைகளில் பாதிக்கு மேல் இதிலேயே வந்துவிடுகின்றன. இப்படி எடுத்த திருகை மறுபடி பயன்படுத்த முடியாது. முழுவதும் கழற்றிவிட்டுப் புதுத் திருகு போடுங்கள். கூட்டின் மரை நன்றாக இருந்தால் திருகை மட்டும் வாங்கினால் போதும். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், எல்லா மூடிக்காரர்களின் மரையும் ஒன்று இல்லை.

அதிலும் வரவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர். இடமரை வெட்டிய இந்தக் கூம்புக் கம்பியை இடப்பக்கம் திருப்பத் திருப்ப அது திருகைக் கடித்துக்கொண்டு கூடவே எழுப்பும். டிரில்லில் மாட்டாமல் கையால் திருப்புங்கள். எக்ஸ்ட்ராக்டர் உள்ளே உடைந்தால் அந்த எஃகுத் துண்டைத் துளைக்க சாதாரண பிட் எதுவும் உதவாது. அதற்கு மேல் ஆங்கரையே எடுப்பதுதான் வழி. அறிகுறி 5-இல் பாருங்கள்.

அறிகுறி 4: திருகு எழுந்துவிட்டது, கீழே இறங்க மறுக்கிறது

குளத்தைத் திறக்கும் நாளில் வருவது இது. வசந்தத்தில் இப்படி அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும் ஆங்கரில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இடித்துக்கொள்வார்கள். அதனால் ஒன்றுகூட மேலே நிற்கவிடாதீர்கள்.

குளிர்காலம் முழுக்கத் திருகு மேலே இருந்ததால் கூட்டின் அடியில் இடம் காலியாக இருந்தது, அங்கே மணல் போய் உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கம் அழுத்தித் திருப்பினால் மணல் அடியில் கெட்டிப்படும், திருகு அதற்கு மேல் இறங்காது. திருகை முழுவதுமாக கழற்றி வெளியே எடுங்கள். கூட்டுக்குள் தண்ணீர் அடித்து வாக்குவத்தில் உறிஞ்சுங்கள். ஆணியை விட்டு அடியில் தட்டிப் பாருங்கள். மண் என்றால் மெத்தென்று இருக்கும், அடிப்பாகம் என்றால் கடினமாகத் தட்டும். திருகின் மரையைப் பல் துலக்கியால் தேய்த்து, லேசாக மசகு தடவி, விரலாலேயே முதல் மூன்று சுற்றைப் போடுங்கள். விரலால் போகாத திருகு கோணலாக ஏறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி நேராக வையுங்கள். பித்தளையில் ஒரு தடவை மரை கோணலாக ஏறிவிட்டால் அதோடு போயிற்று.

எல்லாம் சுத்தம், இருந்தும் ஓரிடத்தில் நிற்கிறது என்றால் திருகு வளைந்திருக்கும். பனியோ மரக்கிளையோ மூடியில் விழுந்து ஸ்பிரிங் வெடுக்கென்று இழுத்திருந்தால் இப்படி ஆகும். திருகைத் தட்டையான கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் மாற்றுங்கள்.

அறிகுறி 5: ஆங்கர் கூட்டோடு சேர்ந்து சுற்றுகிறது, அல்லது ஆடுகிறது, அல்லது மேலே வந்துவிடுகிறது

திருகை எழுப்ப முயலும்போது வெளிக்கூடும் சேர்ந்தே சுற்றினால், கூட்டைப் பிடித்திருந்த துளை பெரிதாகிவிட்டது. கான்கிரீட்டில் இந்தத் துளை முக்கால் அங்குலம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு வேலை செய்தவர்கள் தேய்ந்த பிட்டை ஆட்டி ஆட்டித் துளைத்திருந்தார்கள், மூன்று ஆங்கர் முதல் வருடமே ஆடின.

முதலில், சுற்றும் கூட்டை நிறுத்தித் திருகைத் தளர்த்த வேண்டும். கூட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் மெல்லிய திருப்புளியை ஆப்பு மாதிரி செருகி, ஒருவர் அதைப் பிடிக்க இன்னொருவர் கீயைத் திருப்பினால் பெரும்பாலும் வரும். அப்புறம் துளையைச் சுற்றிப் பாருங்கள்.

*கான்கிரீட்டில் விரிசல் இல்லை, துளை மட்டும் கொஞ்சம் பெரிது.* கூட்டை வெளியே எடுங்கள். திருகைக் கழற்றிய கூட்டுக்குள், இறுக்கமாகப் பிடிக்கும் அளவுள்ள மரத்திருகு போல்ட்டை நான்கைந்து சுற்று இறக்கி, அதன் தலையைக் கடப்பாரையின் நகத்தால் நெம்பினால் கூடு வரும். கடப்பாரைக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைக்க மறந்தால் தளத்தின் விளிம்பு உடையும். துளையைத் தூசு இல்லாமல் வாக்குவத்தில் உறிஞ்சி, கான்கிரீட்டில் ஆங்கர் பதிக்கவென்றே விற்கும் எபாக்சியைச் சுவரில் பூசி, கூட்டை இறக்குங்கள். கூட்டுக்குள் எபாக்சி போகாமல் இருக்கத் திருகை முழுவதும் இறக்கி, அதன் தலையில் வாசலின் தடவி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் காயவிட்ட பிறகுதான் ஸ்பிரிங் மாட்ட வேண்டும். குளிரில் எபாக்சி மெதுவாகத்தான் இறுகும், உறைநிலைக்குப் பக்கத்தில் பல வகை இறுகவே இறுகாது. அதனால் இந்த வேலையை நவம்பருக்குத் தள்ளாதீர்கள்.

துளையில் டேப் சுற்றி, அட்டை செருகி, பழைய துணி திணித்து ஆங்கரை உட்கார வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் அது நிற்கும். முதல் பெரும்பனி விழுந்ததும் பிடுங்கிக்கொண்டு வரும்.

*துளை கெட்டுப்போயிற்று, விளிம்பு உதிர்கிறது.* பழைய துளையைக் கான்கிரீட் ஒட்டுக்கலவையால் மூடிவிட்டு, அதே பட்டையின் நேர்க்கோட்டில் குளத்திலிருந்து இன்னும் நான்கைந்து அங்குலம் தள்ளிப் புதுத்துளை போடுங்கள். பட்டையின் கொக்கியில் நீளத்தைச் சரிசெய்யலாம். நேர்க்கோடு பிசகினால் பட்டை ஒரு பக்கமாக இழுபட்டு மூடியின் தையல் போகும். சுத்தியல் டிரில், கூர்மையான முக்கால் அங்குல கான்கிரீட் பிட், ஆங்கரின் நீளத்துக்குச் சற்றே கூடுதல் ஆழம். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி போடுங்கள். டிரில்லின் மின் இணைப்பு, மின்கசிவு வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் ஜிஎஃப்சிஐ பிளக்கிலிருந்து வரட்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆங்கரை இறக்கும்போது பித்தளையில் நேராக அடிக்காமல் மரக்கட்டை வைத்து அடியுங்கள்.

*கல் பாவிய தளம்.* கல்லுக்கு அடியில் மணல் படுக்கைதான் இருக்கும், அதனால் கல்லில் மட்டும் பதித்த சின்ன ஆங்கர் கல்லையே தூக்கிக்கொண்டு வரும். இதற்கு 18 அங்குல நீளக் குழாயோடு சேர்ந்த ஆங்கர் வேண்டும். புல்தரையில் அடிக்கும் கம்பியும் அதே நீளம்தான். நிலத்தில் அவ்வளவு ஆழம் போவதற்கு முன் 811-ஐ அழைத்தால் நிலத்தடிக் குழாய்களையும் வயர்களையும் இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் குறிப்பது பொது நிறுவனங்களின் இணைப்புகளைத்தான். உங்கள் குளத்தின் குழாய், விளக்கு வயர், தளத்துக்கு அடியில் ஓடும் செம்பு இணைப்புக்கம்பி எதுவும் அதில் வராது. அவை எங்கே போகின்றன என்று தெரியாமல் அடிக்காதீர்கள்.

*மரத்தளம்.* ஆங்கரைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்திருக்கும். மரம் கெட்டியாக இருந்தால் இன்னும் நீளமான துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போதும். ஆணியை அழுத்தினால் உள்ளே இறங்குகிற மரம் உளுத்துவிட்டது. பலகையை மாற்றாமல் ஆங்கரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

அறிகுறி 6: ஸ்பிரிங் ஆங்கரை விட்டு வரவில்லை

இதில் ஆங்கரில் கோளாறு இல்லை, இழுவையில் இருக்கிறது. தண்ணீர் இறங்காத கெட்டி மூடி என்றால் மேலே தேங்கிய மழைத்தண்ணீரைப் பம்ப் வைத்து முதலில் வெளியேற்றுங்கள். வலை மூடி என்றால் பனி முழுவதும் உருகும்வரை பொறுங்கள். அந்த எடை குறைந்தாலே ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பிறகு மூடியோடு வந்த நெம்புகம்பியை ஸ்பிரிங்கின் வளையத்தில் விட்டு, ஆங்கரில் முட்டுக்கொடுத்து நெம்புங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், முகத்தை ஸ்பிரிங்கின் நேருக்குக் கொண்டுபோகாதீர்கள். குறடு போட்டு இழுக்கும்போது அது வழுக்கினால் பல் போகும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்பிரிங் இழுபட்டே நிற்கிறதா? குளத்தின் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பனியின் எடையில் மூடி கீழே தொய்ந்து, அடியில் இருக்கும் தண்ணீர்தான் அதைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் மிகவும் இறங்கியிருந்தால் பாரமெல்லாம் ஸ்பிரிங்குக்கும் ஆங்கருக்கும் போகும். தளத்திலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே போகவிடாதீர்கள் என்பது மூடி செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. மட்டம் தானாக இறங்கிக்கொண்டே போனால் குளத்தில் கசிவு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 7: நடுக்குளிரில் ஆங்கர் உறைந்துவிட்டது

ஒன்றும் செய்யாதீர்கள். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் அளவுக்கு விரியும். கூட்டுக்குள் அந்தப் பனிக்கட்டி இருக்கும்போது திருப்பினால் பித்தளைதான் கிழியும். ஒரு ஸ்பிரிங் கழன்று மூடி திறந்து கிடக்கிறது, கட்டாயம் மாட்டியே ஆக வேண்டும் என்றால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி இளக்கி, உறிஞ்சி, உடனே திருப்பி முடியுங்கள். ஊற்றிய தண்ணீர் தளத்தில் கண்ணாடி மாதிரி உறையும். குளத்தின் ஓரத்தில் அது மிக ஆபத்து, உப்பில்லாத பனி இளக்கியோ மணலோ தூவிவிடுங்கள்.

அறிகுறி 8: பித்தளை இளஞ்சிவப்பாக மாறி உதிர்கிறது

உப்புத் தண்ணீர்க் குளங்களில் இதை அதிகம் பார்க்கிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு துத்தநாகத்தை மெல்லக் கரைத்துக்கொண்டு போக, செம்பு மட்டும் நுரைக்கல் மாதிரி மிஞ்சும். மேலே தேய்த்துப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும், ஆணியால் குத்தினால் பொடியாக உதிரும். இதற்குக் கழுவுதல், எண்ணெய் எதுவும் கிடையாது, மாற்றுவதுதான். ஓர் ஆங்கரில் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். குளத்துத் தண்ணீர் அடிக்கடி தெறிக்கும் பக்கத்தில், படிக்கட்டுக்கும் குதிக்கும் பலகைக்கும் அருகில், முதலில் போகும். மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகு ஆங்கர் கிடைக்கிறதா என்று உங்கள் மூடிக்காரரிடம் கேளுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஆங்கர் துளையிலிருந்து விரிசல் கிளம்பிக் குளத்தின் விளிம்புக் கல்லை நோக்கிப் போனால், அதற்கு மேல் நீங்கள் டிரில் எடுக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு ஆங்கர் ஒரே நேரத்தில் பிடுங்கிக்கொண்டாலும், மூலையில் இருக்கும் ஆங்கர் போனாலும் அப்படித்தான். மூலையில் இரண்டு பக்க இழுவையும் சேரும், அங்கே அரைகுறை வேலை நிற்காது. துளைக்கும்போது பிட் உலோகத்தில் தட்டினால் உடனே நிறுத்துங்கள். அது கம்பியாக இருக்கலாம், மின் இணைப்பாகவும் இருக்கலாம். ஐந்தாறு ஆங்கருக்கு மேல் ஆடுகிறது என்றால் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருப்பதைவிட ஆளை வைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாகப் போடுவது மலிவு.

வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அளவு பிட் போடுவீர்கள்? பழைய துளையை எதால் மூடுவீர்கள்? கடைசி நாளில் எல்லா ஆங்கரையும் என் எதிரில் ஏற்றி இறக்கிக் காட்டுவீர்களா? மூன்றாவதற்குத் தயங்குகிறவரை நான் வேலைக்கு வைப்பதில்லை.

ஆள் வரச் சில நாளாகும், ஒரு பட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அதுவரை அந்தக் குளம் மூடாத குளம். வேலியின் கதவைப் பூட்டுங்கள், வீட்டில் பிள்ளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் சொல்லுங்கள். பட்டையின் மேல் செங்கல்லோ தண்ணீர்ப் பையோ வைத்துவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பாதீர்கள்.

மறுபடி மாட்டிக்கொள்ளாமல் இருக்க

குளம் திறக்கும் நாளில் ஒவ்வொரு திருகையும் கழற்றி, கழுவி, துடைத்து, சிலிகான் மசகு மிக மெல்லிய பூச்சாகத் தடவிப் போடுகிறேன். மெல்லியது என்றால் விரலில் தெரியாத அளவு. கெட்டியான கிரீஸும் சமையல் எண்ணெயும் மணலைப் பிடித்து வைத்துப் பசை ஆக்கிவிடும். மசகு கிடைக்கவில்லையா, மெழுகுவர்த்தியை மரையில் தேய்த்தாலும் போதும்.

தளத்தோடு சமமானதும் நிறுத்திவிட வேண்டும். சமமான பிறகு இன்னொரு இறுக்கு இறுக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். சமமானதும் நான் கால் சுற்று பின்னால் விட்டுவிடுவேன், திருகு அடியில் முட்டிக்கொண்டு நிற்காது. தளக் கற்களின் இடுக்கில் புதுமணல் நிரப்பும் நாளில் மட்டும் எல்லா ஆங்கர் மேலும் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்று ஒரே நாளில் 22 ஆங்கரும் அடைத்துக்கொள்ளும்.

ஜூலையில் ஒரு மாலை, குழாயும் கீயுமாகக் குளத்தைச் சுற்றி வருகிறேன். ஒவ்வொன்றிலும் தண்ணீர் அடித்து, இரண்டு சுற்று ஏற்றி, இறக்கி, அடுத்ததுக்குப் போவது. 22 ஆங்கருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. இறுக்கமாகத் திரும்பியது எது என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதை மட்டும் செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபடி பார்க்கிறேன்.